வீட்டுக்குள் வெப்பம் நுழையும் வழிகளை அடைப்போம்

தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அதே ஆண்டு அக்டோபரில், வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது. இவ்விரு செய்திகளும் சந்திக்கும் இடம் நாம் குடியிருக்கும் வீடு. மின்னுற்பத்தியைப் பெருக்குவது பற்றியும் குளிர்சாதனங்களின் விலை பற்றியும் விரிவாகப் பேசப்படும் இம்மாநிலத்தில், வெயிலை வாங்கி அறைக்குள் இறக்கிவிடும் சுவரும் கூரையும் பொது விவாதத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இந்த நிலையில்தான், வழக்கமான செங்கல், கான்கிரீட் கட்டுமானத்துக்கு மாற்றாக வெப்பக்காப்புப் பேனல்கள் முன்வைக்கப்படுகின்றன. இரண்டு உறுதியான பலகைகளுக்கு அல்லது தகடுகளுக்கு நடுவே, வெப்பத்தை எளிதில் கடத்தாத நுரைப்பொருளை நிரப்பி, தொழிற்சாலையிலேயே சுவராகவும் கூரையாகவும் செய்து முடித்துக் கட்டடத் தளத்துக்குக் கொண்டுவந்து பொருத்துவதே பேனல் கட்டுமானம். நுரைப்பொருளாகப் பெரும்பாலும் தெர்மாகோல் என்று மக்கள் அறிந்த பாலிஸ்டைரீனோ, பஃப் எனப்படும் பாலியூரித்தேனோ பயன்படுகிறது. குளிர்பதனக் கிடங்குகளிலும் மொட்டைமாடி அறைகளிலும் பரவலாகிவிட்ட ‘பஃப் பேனல்’ இந்த வகையைச் சேர்ந்ததே.

இந்த முறை மின்சாரத்தை மெய்யாகவே மிச்சப்படுத்துமா, எங்கே மிச்சப்படுத்தும், எங்கே ஏமாற்றிவிடும் என்பதை வீடு கட்டுவோரும் அரசும் தெளிவாக அறிந்திருப்பது அவசியம். இன்று எழுப்பப்படும் சுவர் இன்னும் ஐம்பது கோடைகளைச் சந்திக்கப்போகிறது. கட்டும்போது செய்த பிழையைப் பின்னர் குளிர்சாதனத்தைக் கொண்டு ஈடுகட்டுவதற்கான கட்டணத்தை அத்தனை ஆண்டுகளும் குடியிருப்பவரே செலுத்த வேண்டியிருக்கும்.

சுவரை அளக்கும் எண்

ஒரு சுவர் அல்லது கூரையின் இரு பக்கங்களுக்கும் இடையே 1 டிகிரி செல்சியஸ் வெப்ப வேறுபாடு இருக்கும்போது, அதன் ஒரு சதுர மீட்டர் பரப்பு வழியாக எத்தனை வாட் வெப்பம் கடந்து செல்கிறது என்பதைக் குறிக்கும் எண்ணைப் பொறியாளர்கள் ‘யூ மதிப்பு’ என்கின்றனர். இந்த எண் குறையக் குறைய, வெப்பத்தைத் தடுக்கும் திறன் கூடுகிறது.

இருபுறமும் பூச்சு பூசிய 9 அங்குலச் செங்கல் சுவரின் யூ மதிப்பு ஏறத்தாழ 2. எடை குறைந்த ஏஏசி கற்களால் 200 மில்லிமீட்டர் கனத்தில் எழுப்பிய சுவருக்கு அது 0.8 அளவில் இருக்கும். நடுவில் 100 மில்லிமீட்டர் தெர்மாகோல் கொண்ட பேனல் சுவருக்கு, அதன் இரு பக்கங்களையும் இணைக்கும் கம்பிகள் வழியாகக் கடத்தப்படும் வெப்பத்தையும் சேர்த்துக்கொண்டால்கூட, 0.5 அளவில் நிற்கும். அதாவது, செங்கல் சுவர் உள்ளே விடும் வெப்பத்தில் கால் பங்கை மட்டுமே இந்தப் பேனல் சுவர் உள்ளே விடுகிறது.

கூரையில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. 150 மில்லிமீட்டர் கனமுள்ள வெறும் கான்கிரீட் தளத்தின் யூ மதிப்பு 3.8 அளவிலும், 50 மில்லிமீட்டர் பஃப் பேனலின் யூ மதிப்பு 0.5-க்குக் கீழும் அமைகின்றன. வெயிலின் தாக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட வெளி வெப்பத்துக்கும் அறையின் வெப்பத்துக்கும் இடையே 30 டிகிரி வேறுபாடு நிலைத்திருப்பதாகக் கொண்டால், 10 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு சிறிய அறைக்குள் அந்தக் கான்கிரீட் தளம் 1,140 வாட் வெப்பத்தை இறக்கும். பஃப் பேனல் கூரை 150 வாட்டுக்குள் அதைக் கட்டுப்படுத்தும். ஒரு டன் குளிர்சாதனம் அறையிலிருந்து வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 3,500 வாட் என்பதால், அதன் திறனில் மூன்றில் ஒரு பங்கைக் கான்கிரீட் கூரை ஒன்றே விழுங்கிவிடுகிறது. கான்கிரீட் வெப்பத்தைச் சேமித்துத் தாமதமாகவே விடுவதால் எந்த நேரத்திலும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், சுமை எங்கிருந்து வருகிறது என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.

அமெரிக்கா கற்ற பாடம்

பேனல் கட்டுமானத்தின் நீண்ட அனுபவம் அமெரிக்காவுக்கு உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் உள்ள வனப்பொருள் ஆய்வகம் 1935-ஆம் ஆண்டிலேயே பலகைப் பேனல்களால் வீடு கட்டிச் சோதித்தது. கட்டடக் கலைஞர் ஆல்டன் டவ், நுரை நிரப்பிய பேனல்களைக் கொண்டு 1952-இல் மிச்சிகன் மாநிலத்தின் மிட்லண்ட் நகரில் வீடுகள் எழுப்பினார்.

அங்கே வழக்கமான வீடு என்பது மரச்சட்டக வீடு. சுமார் 40 சென்டிமீட்டர் இடைவெளியில் மரத் தூண்களை நிறுத்தி, இடைவெளிகளில் கண்ணாடி இழைப் பஞ்சை அடைத்து, இருபுறமும் பலகை அறைந்து சுவராக்குகின்றனர். பஞ்சு வெப்பத்தைத் தடுத்தாலும், சுவர்ப் பரப்பில் ஏறத்தாழ கால் பங்கை எடுத்துக்கொள்ளும் மரத் தூண்களும் விட்டங்களும் வெப்பத்துக்குப் பாதையாகிவிடுகின்றன. இத்தகைய பாதையையே ‘வெப்பப் பாலம்’ என்று கூறுவர்.

டென்னசி மாநிலத்தில் உள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம், பஞ்சை மட்டும் அளக்காமல் மூலைகள், சன்னல் ஓரங்கள், இணைப்புகள் அனைத்தையும் சேர்த்து முழுச் சுவரையும் மதிப்பிட்டது. அமெரிக்கர்கள் பயன்படுத்தும் ‘ஆர் மதிப்பு’ யூ மதிப்புக்குத் தலைகீழானது. அது கூடினால் வெப்பத்தடுப்பும் கூடும். ஆர் 19 என்று முத்திரையிட்ட பஞ்சை அடைத்த ஆறு அங்குலச் சட்டகச் சுவர், முழுச் சுவராக மதிப்பிடப்பட்டபோது 14-ஐக்கூட எட்டவில்லை. பஞ்சு சரியாக அடைக்கப்படாத நிலையில் 11 வரை இறங்கியது. மூன்றரை அங்குல நுரை மட்டுமே கொண்ட பேனல் சுவரோ, அதைவிட மெலிதாக இருந்தும் 14-ஐத் தொட்டது.

காற்றுக் கசிவில் கிடைத்த வேறுபாடு இதைவிடக் கூர்மையானது. மின்விசிறியால் அறையின் காற்றழுத்தத்தை மாற்றி, இடுக்குகள் வழியாக எவ்வளவு காற்று கசிகிறது என்று அளக்கும் சோதனையில், பேனல் அறையின் கசிவு சட்டக அறையின் கசிவில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே இருந்தது. பேனலின் ஆற்றல் சிக்கனத்துக்குக் காரணம் நுரையின் தரம் மட்டுமன்று என்பதும், தொடர்ச்சி அறாத காப்பும் குறைவான இணைப்புகளுமே அதன் பெரும் பலம் என்பதும் இதிலிருந்து தெளிவாகின்றன.

அந்தப் பலமே பலவீனமாக மாறிய சான்றும் உண்டு. அலாஸ்கா மாநிலத்தின் ஜூனோ நகரில் பேனல் கூரை போட்ட வீடுகள் பலவற்றில், பேனல்கள் சந்திக்கும் கூரை முகட்டு இணைப்புகள் சரியாக அடைக்கப்படாததால் வீட்டினுள் இருந்த ஈரக் காற்று அவற்றின் வழியே கசிந்து, குளிர்ந்த வெளிப்பலகையில் நீராகப் படிந்து, பலகைகளை உளுத்துப்போகச் செய்தது. நல்ல பேனலை வாங்கியும் இணைப்பில் கவனம் தவறியவர்கள் கூரையையே இழந்தனர்.

நம் சட்டகமும் நம் பேனலும்

தமிழ்நாட்டின் வழக்கமான கட்டுமானம், பில்லர், பீம் என்று மக்கள் அழைக்கும் கான்கிரீட் தூண்களாலும் உத்திரங்களாலும் ஆன சட்டகத்தை எழுப்பி, இடையில் செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வைத்து நிரப்புவது. செங்கல்லைவிடக் கான்கிரீட் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் வெப்பத்தைக் கடத்துவதால், அமெரிக்க மரத் தூண் செய்வதை இங்கே பில்லரும் பீமும் செய்கின்றன. வெப்பத்தடுப்புக்காக இடையில் நல்ல கல்லை வைத்தாலும், சட்டகம் வெளிவெயிலுக்குத் திறந்தே நிற்கிறது.

அண்மைக் காலத்தில் நகரங்களின் அடுக்குமாடிகளில் பரவியுள்ள மற்றொரு முறை, அலுமினிய அச்சுகளுக்குள் கான்கிரீட்டை ஊற்றிச் சுவர்களையும் தளத்தையும் ஒரே வார்ப்பாக எழுப்புவது. வேகத்திலும் உறுதியிலும் இது சிறந்ததே. ஆனால், 150 மில்லிமீட்டர் கான்கிரீட் சுவரின் யூ மதிப்பு 3.5-க்கும் மேல் என்பதால், வெளிப்புறக் காப்பு ஏதும் சேர்க்கப்படாவிட்டால் பழைய செங்கல் சுவரைவிட இது கூடுதல் வெப்பத்தை உள்ளே விடும். புதிய தொழில்நுட்பம் என்ற பெயரே குளுமைக்கு உத்தரவாதமாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மத்திய அரசு 2021 சனவரியில் ஆறு நகரங்களில் தொடங்கிய ‘லைட் ஹவுஸ்’ மாதிரி வீட்டுத் திட்டங்களில், சென்னைப் பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் முன்வார்ப்புக் கான்கிரீட் பாகங்களைக் கொண்டு கட்டப்பட்டன. இந்தூரில் 1,024 வீடுகள் சாண்ட்விச் பேனல்களைக் கொண்டு திட்டமிடப்பட்டன. இந்தூர்ப் பேனலின் நடுவே இருப்பது சிமென்ட், மணல், சாம்பல், தெர்மாகோல் மணிகள் ஆகியவற்றின் கலவை. முழு நுரையின் வெப்பத்தடுப்பு இதற்கு இல்லையென்றாலும், செங்கல்லைவிட இது மேலானது. தீயையும் கூடுதலாகத் தாங்கும். பேனல் என்ற ஒரே பெயருக்குள் இப்படிப் பல தரங்கள் அடங்கியிருப்பதால், வாங்குவோர் பெயரைக் கேட்டு முடிவெடுக்காமல் யூ மதிப்பைக் கேட்டு முடிவெடுப்பதே பாதுகாப்பு.

ஈரமும் இரவும்

குளிர்நாட்டின் விடையை அப்படியே சென்னைக்கோ நாகப்பட்டினத்துக்கோ கொண்டுவர இயலாது. அங்கே உள்வெப்பத்தைக் காப்பது நோக்கம்; இங்கே வெளிவெப்பத்தைத் தடுப்பதோடு, சமையல், மின்கருவிகள், மனித உடல்கள் ஆகியவை வெளிவிடும் வெப்பத்தை வெளியேற்றுவதும் நோக்கம்.

கடலோரக் கோடையில் பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு குறைவு. பகலில் வெயிலை உறிஞ்சிய கான்கிரீட், பல மணி நேரம் கழித்து, குடும்பம் உறங்கச் செல்லும் வேளையில் அதை அறைக்குள் உமிழ்கிறது. மின்விசிறி சுழலும்போது அனல் காற்று இறங்குவதாக மேல்மாடிக் குடியிருப்போர் கூறுவதன் காரணம் இதுவே. எடை குறைந்த காப்புப் பேனல் வெப்பத்தைச் சேமிப்பதில்லை என்பதால், இரவில் இத்தகைய உமிழ்வு இருக்காது.

அதே வேளையில், குளிர்சாதனம் இல்லாத வீட்டில் பேனல் சுவர்களை எழுப்பிச் சன்னல்களைச் சுருக்கிவிட்டால், உள்ளே உண்டாகும் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கிவிடும். எதிரெதிர்ச் சன்னல்களும், அவற்றுக்கு மேல் போதிய அகலமுள்ள சன்ஷேடும், சமையலறையில் புகைபோக்கியும் இல்லாத பேனல் வீடு ஏழைக் குடும்பத்துக்கு உதவாது.

குளிர்சாதனம் உள்ள வீட்டில் கணக்கு வேறு. சன்னல், கதவு இடுக்குகள் வழியாக நுழையும் கடற்காற்று வெப்பத்தோடு ஈரத்தையும் சுமந்துவருகிறது. அந்த ஈரத்தை நீராக்கி வெளியேற்றவும் குளிர்சாதனம் மின்சாரம் செலவிட வேண்டும். எனவே இறுக்கமான இணைப்புகள் கொண்ட பேனல் கட்டுமானம் அங்கே முழுப் பயனையும் தரும். எனினும், ஜூனோவில் உள்ளிருந்து வெளியே நகர்ந்த ஈரம் இங்கே வெளியிலிருந்து உள்ளே நகரும் என்பதால், ஈரத்தடுப்பு வெளிப்பக்கத்தில் அமைய வேண்டும்.

கூரைக்கே முதலிடம்

மாநில அரசின் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம், குடிசைகளுக்கு மாற்றாக 2030-க்குள் 8 லட்சம் வீடுகளை இலக்காகக் கொண்டு 2024-இல் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் 3.5 லட்சம் ரூபாய் அலகுத் தொகை. 360 சதுர அடிப் பரப்பில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. மழைக்கும் புயலுக்கும் தீக்கும் அஞ்சாத நிலையான வீடு கிடைப்பது பெரும் சமூக முன்னேற்றம். ஆனால், ஓலைக் கூரை தந்த குளுமையை இழந்து வெறும் கான்கிரீட்டின் கீழ் வரும் இந்தக் குடும்பங்களின் வீடு ஒற்றைத் தளமாக இருப்பதால், ஒவ்வோர் அறையும் நேரடி வெயிலின் கீழேயே இருக்கிறது.

இதற்குச் சுவர் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. 150 மில்லிமீட்டர் கான்கிரீட் தளத்தின் மேல் வெறும் 25 மில்லிமீட்டர் கனமுள்ள அழுத்தமான பாலிஸ்டைரீன் பலகையை வைத்து, அதன் மேல் நீர்க்காப்புப் பூச்சும் தட்டோடும் பதித்தாலே, யூ மதிப்பு 3.8-லிருந்து 1 அளவுக்கு இறங்கிவிடும். அதன் மேற்பரப்பு வெண்மையாக இருந்தால், விழும் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்பட்டுவிடும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளத்தின் மேல் போட்டு, தட்டோடு பதித்த பழைய கொத்தனார்கள், மழைநீரை வடிப்பதோடு வெப்பத்தைத் தணிப்பதையும் அறிந்தே செய்தனர். செலவைக் குறைக்கும் அவசரத்தில் அந்த அடுக்கு மெலிந்துகொண்டே வந்திருக்கிறது.

பேனல் கட்டுமானம் உடனடியாகப் பயன்தரக்கூடிய இடமும் கூரைதான். தகரமும் கல்நார்த் தகடும் போட்ட வீடுகள், பட்டறைகள், மொட்டைமாடி அறைகள் ஆகியவற்றில் பழைய தகட்டை நீக்கிக் காப்புப் பேனலைப் பொருத்துவது, குறைந்த கால அவகாசத்தில் மிகப் பெரிய மாற்றத்தைத் தரும்.

மறைக்கக் கூடாத ஆபத்துகள்

இலண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் 2017 சூன் 14 அன்று பற்றிய தீ, 72 உயிர்களைப் பறித்தது. வெளிச்சுவரில் ஒட்டப்பட்டிருந்த, பாலிஎதிலீன் உள்ளடக்கிய தகடுகளும் அவற்றின் பின்னிருந்த நுரைக் காப்பும் அந்தத் தீ பரவுவதற்குக் காரணமாயின. தெர்மாகோல் தீயில் உருகும். பஃப் எரிந்தால் நச்சுப்புகை எழும். ஆகவே, நுரை எந்த இடத்திலும் வெளித்தெரியாமல் இருபுறமும் சிமென்ட் பூச்சு அல்லது தீ தாங்கும் பலகையால் மூடப்பட வேண்டும். மின்கம்பிகள் தனிக் குழாய்களில் செல்ல வேண்டும். உயரமான கட்டடங்களிலும் பள்ளி, மருத்துவமனைகளிலும் எரியாத பாறை இழைப் பஞ்சு நிரப்பிய பேனல்களே அனுமதிக்கப்பட வேண்டும்.

புயல் அடுத்த கவலை. 2018-இல் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் கூரைகளைப் பெயர்த்தெறிந்ததை மறக்க இயலாது. எடை குறைந்த பேனல் கூரையை அடித்தளம் வரை இறுக்கிப் பிணைக்காவிட்டால், அதுவும் பறந்துவிடும். உப்புக் காற்றில் தகடும் கம்பி வலையும் துருப்பிடிப்பதையும் கருத்தில் கொண்டு, கடலோர மாவட்டங்களுக்குத் தனித் தரநிலை தேவை.

சுவரைத் தட்டினால் கெட்டிச் சத்தம் வர வேண்டும் என்ற மக்களின் எதிர்பார்ப்பும், ஆணி அடிக்கவும் குழாய் பதிக்கவும் பழகிய கைகளின் வழக்கமும் எளிதில் மாறிவிடா. பேனலைப் பொருத்தத் தெரிந்த தொழிலாளர்கள் உள்ளூரில் கிடைக்காத வரை, சாதாரணக் குடும்பங்கள் இம்முறையை ஏற்கத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

மத்திய எரிசக்தித் திறன் பணியகம் 2018-இல் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் குடியிருப்புக் கட்டட நெறிமுறை, கூரையின் யூ மதிப்பு 1.2-க்கு மிகக் கூடாது என்கிறது. ஆனால், 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் கட்டடங்களையே அது கருத்தில் கொண்டதால், பெரும்பான்மைத் தமிழ்நாட்டு வீடுகள் அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இந்தக் கூரை வரம்பை, மனையின் அளவு எதுவாயினும், புதிய வீடுகள் அனைத்துக்கும் படிப்படியாகக் கட்டாயமாக்க வேண்டும்.

அரசு வீட்டுத் திட்டங்களின் அலகுத் தொகையில் கூரைக் காப்புக்கெனத் தனித் தொகை ஒதுக்கப்பட வேண்டும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிகளில், மேல்தளத்திலும் மேற்கு நோக்கிய சுவர்களிலும் வெளிப்புறக் காப்பு கட்டாயமாக வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியில் நட்சத்திரக் குறியீட்டைப் பார்த்து வாங்கப் பழகிய மக்களுக்கு, வீட்டின் ஆற்றல் தரமும் தெரிய வேண்டும். விருப்பத்தின் பேரில் மட்டும் பெறப்படும் வீட்டுக்கான நட்சத்திரத் தரச்சான்றை அடுக்குமாடி விற்பனைக்குக் கட்டாயமாக்கி, சுவர், கூரை ஆகியவற்றின் யூ மதிப்பை விற்பனை ஆவணத்தில் குறிப்பிடச் செய்யலாம். அந்த எண், பேனலின் விளம்பரத் தாளிலிருந்து எடுக்கப்படாமல், தூண்களும் இணைப்புகளும் அடங்கிய முழுச் சுவருக்கு உரியதாக இருக்க வேண்டும்.

ஐ.டி.ஐ.களில் பேனல் பொருத்துதல், இணைப்பு அடைத்தல், கூரைக் காப்பிடுதல் ஆகியவற்றுக்குக் குறுகிய காலப் பயிற்சி தொடங்கப்பட வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம், பயிற்சிக் காலத்துக்கு ஊதிய உதவி அளித்தால் கொத்தனார்களும் சித்தாள்களும் இந்த மாற்றத்தில் வேலையிழக்காமல் பங்கேற்பர்.

வீடு கட்டுவோர் இன்றே செய்யக்கூடியவையும் உள்ளன. முதலில் கூரைக்குக் காப்பும் வெண்மேற்பரப்பும், அடுத்து மேற்குச் சுவருக்கு நிழலும் காப்பும், பிறகு சன்னல்களுக்குச் சன்ஷேடும் குறுக்குக் காற்றோட்டமும், அதற்குப் பின்னரே குளிர்சாதனத்தின் அளவு என்ற வரிசையில் திட்டமிட வேண்டும். பேனலைத் தேர்ந்தெடுப்போர், கட்டுமானப் பொருள்கள் மற்றும் தொழில்நுட்ப மேம்பாட்டுக் கழகத்தின் செயல்திறன் சான்று, தீச்சோதனை அறிக்கை, முழுச் சுவரின் யூ மதிப்பு ஆகிய மூன்றையும் கேட்டுப் பெற்ற பின்னரே முன்பணம் தர வேண்டும்.

நாட்டின் குளிர்விப்புத் தேவை, 2017-18-ஐ ஒப்பிட 2037-38-இல் ஏறத்தாழ எட்டு மடங்காகும் என்று 2019-இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் மதிப்பிட்டிருக்கிறது. அந்தத் தேவை முழுவதையும் மின்நிலையங்களால் மட்டுமே ஈடுகட்ட முயல்வது மாநிலத்தின் நிதியையும் மக்களின் சேமிப்பையும் கரைத்துவிடும். அடுத்த கோடைக்கு முன் கூரை விதியை அறிவிப்பது அரசின் கடமை. வரைபடத்தில் கையெழுத்திடும் முன் கூரையின் யூ மதிப்பைக் கேட்பது ஒவ்வொரு வீட்டு உரிமையாளரின் கடமை.